மரவள்ளி தழைக்கிற மண்ணில் மிளகாய் ஏன் வளரவில்லை?

பினாங்கு பாலிக் பூலாவ்வில் மேட்டு நிலத்தில் குடியிருக்கும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் அன்னாசியும் நன்றாக வருகின்றன, பக்கத்திலேயே வைத்த மிளகாயும் கீரையும் எவ்வளவு உரம் போட்டாலும் ஒரு சாணைத் தாண்டவில்லை, மண்ணைச் சோதித்ததில் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.4. இன்னும் கொஞ்சம் உரம் போடலாமா?

போடாதீர்கள் அக்கா. முதலில் ஒரு மிளகாய்ச் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். நுனி தடித்து, பழுப்பேறி, சல்லி வேரே இல்லாமல் இருந்தால் அது அலுமினியத்தின் வேலைதான். களிமண் எல்லாவற்றிலும் அலுமினியம் இருக்கிறது, ஆனால் கட்டுண்டு கிடக்கும். நம்மூர் மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அரித்துக்கொண்டு போய் பிஎச் 5க்குக் கீழே இறங்கியதும் அந்த அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியின் கடைசிச் சில மில்லிமீட்டரைத் தாக்கும். வேர் நீளாவிட்டால் போட்ட உரத்தை எதைக் கொண்டு உறிஞ்சும்? போதாததற்கு மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இதே அலுமினியம் பிடித்துவைத்துக்கொள்ளும்.

அலுமினியத்தைத் தாங்கும் பயிர்கள் செய்வது அருமையான வேலை. எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலத்தைச் சோளமும் மக்காச்சோளமும் வேர் நுனியிலிருந்து கசியவிடுகின்றன. அது அலுமினியத்தைக் கவ்விக்கொள்வதால் வேருக்குள் நுழைய முடிவதில்லை. கோதுமை விடுவது மாலிக் அமிலம், அதற்கான மரபணுவை 2004இல் கண்டுபிடித்தார்கள். எல்லா ரகமும் ஒரே அளவு விடாது, அதனால்தான் ஒரே பயிரில்கூட ஒரு ரகம் பிழைக்கிறது, இன்னொன்று சுருங்குகிறது. தேயிலையின் வழி வேறு: உள்ளே விட்டு, முதிர்ந்த இலைகளில் ஒதுக்கி வைத்துவிடும். மேட்டில் ஊதாப் பூ பூக்குமே செண்டுடுக், அதுவும் இப்படித்தான். அது மண்டிக் கிடந்தால் மண் புளித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மிளகாய்க்கு அவ்வளவு தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது, நீங்கள்தான் உதவ வேண்டும். சதுர மீட்டருக்கு 200 முதல் 400 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி, மூன்று வாரம் விட்டு நடுங்கள். மேலாகத் தூவிவிட்டால் அடி மண்ணுக்கு இறங்காது. யூரியாவை அதோடு கலக்க வேண்டாம், தழைச்சத்து ஆவியாகிவிடும். மக்கிய குப்பையைத் தாராளமாகச் சேருங்கள், அதுவும் அலுமினியத்தைப் பிடித்துவைக்கும். அம்மோனியம் சல்பேட்டை நிறுத்துங்கள், மண்ணை இன்னும் புளிக்க வைப்பது அதுதான்.

இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள், 5.5 வந்தாலே போதும், அதற்குமேல் சுண்ணாம்பைக் கொட்டினால் துத்தநாகம் கிடைக்காமல் போகும். அப்புறம், மரவள்ளிப் பாத்திக்கு இது எதுவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.