ஆப் கேட்ட பாட்டையே போடுகிறதா? இணைய வானொலியில் புது இசை தேடும் வழி

கேள்வி: பாட்டு ஆப்பில் எந்தப் பட்டியலைத் திறந்தாலும் ஏற்கெனவே கேட்டதே சுற்றிச் சுற்றி வருகிறது. இணைய வானொலியைக் கேட்கலாம் என்றால் ஆயிரக்கணக்கில் நிலையங்கள். எதில் ஆரம்பிப்பது? பிடித்த பாட்டின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தினம் 1.5 ஜிபி டேட்டா இதற்குப் போதுமா?

பதில்: நீங்கள் முழுதாகக் கேட்டது எது, பாதியில் தள்ளிவிட்டது எது என்று ஆப் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை வைத்தே அடுத்த பாட்டைத் தருவதால் வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். வானொலியில் தேர்வு இன்னொருவருடையது. ஆனால் எல்லா நிலையமும் உதவாது. பாட்டை ஒரு மனிதர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலித்த பாடல்களின் பட்டியலை நிலையம் வெளியிட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள்.

இந்த இரண்டும் உள்ளவற்றில் தொடங்க ஏற்றது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து கேஇஎக்ஸ்பி. பாட்டு, கலைஞர், ஆல்பம், வெளியிட்ட நிறுவனம் என்று அதன் தளத்தில் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பல பாடல்களுக்குக் கீழே தொகுப்பாளர் எழுதும் குறிப்பும் இருக்கும். அதைத் தவறாமல் படியுங்கள். அங்கே காலை 7 மணி என்றால் நமக்கு இரவு 7.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 8.30. லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ், பழைய நிகழ்ச்சிகளைப் பாடல் பட்டியலோடு சேமித்து வைத்திருக்கிறது. பிரெஞ்சு அரசு வானொலியின் ஃபிப், ஜாஸ் முடிந்த கையோடு ஆப்பிரிக்க இசைக்குத் தாவும். பேச்சு குறைவு என்பதால் பிரெஞ்சு தெரியாதது தடையில்லை. வேலை செய்துகொண்டே கேட்க, நேயர்கள் தரும் பணத்தில் விளம்பரமின்றி நடக்கும் சோமா எஃப்எம் நல்லது.

பூமிப் பந்தைச் சுழற்றி, பச்சைப் புள்ளியைத் தொட்டுக் கேட்கும் ரேடியோ கார்டன் தளத்தைப் பலரும் முதலில் திறக்கிறார்கள். பெரிய நகரத்துப் புள்ளிகளைத் தொட்டால் பெரும்பாலும் உலகம் முழுக்க ஓடும் அதே ஹிட் பாடல்கள்தான் கிடைக்கும். அந்த ஊரின் பட்டியலைத் திறந்து, பல்கலைக்கழக வானொலி, சமுதாய வானொலி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் உள்ளூர் இசை இருக்கும்.

ஒரு நிலையத்தைப் பிடித்தால் இரண்டு வாரம் அதையே, தினம் 40 நிமிடமாவது கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால், தெரிந்த மாதிரி ஒலிப்பதில்தான் கை நிற்கும். மறுபடி பழைய வட்டம். தொகுப்பாளர்களில் யாருடைய ரசனை உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது இரண்டாவது வாரத்தில் புரிய ஆரம்பிக்கும். அதன்பின் நிலையத்தை விட அந்த நபரின் நிகழ்ச்சியைத் தொடர்வதே மேல்.

இனி பாட்டின் பெயர். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இணைய ஒலி நேரலை அல்ல. சேமித்துச் சேமித்து வருவதால், உங்கள் காதுக்கு எட்டும்போது அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் தாமதமாகியிருக்கும். தளத்தில் இருக்கும் பட்டியல் முன்னால் போய்விடும். பாட்டின் கடைசிப் பகுதியில் பட்டியலைப் பார்த்தால் அடுத்த பாட்டின் பெயரைக் குறித்துக்கொள்வீர்கள். பாட்டின் நடுவில் பாருங்கள். பாட்டு முடிந்ததும் பட்டியலின் முந்தைய வரியோடு சரிபாருங்கள். கையில் வேலை இருந்தால் நிலையமும் மணியும் மட்டும் எழுதுங்கள்: ‘ஃபிப், 9.42’. ஃபிப் தளத்தில் ஒலித்த நேரத்தை வைத்தே பாடலைத் தேடலாம், அந்த ஊர் நேரத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். ஒலிக்கும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷசாம் ஆப்பும் உதவும். ஆனால் பேச்சு மேலே படிந்திருந்தாலோ, மேடையில் நேரடியாக வாசித்ததாக இருந்தாலோ தடுமாறும்.

டேட்டா கவலை வேண்டாம். ஒலி நொடிக்கு எவ்வளவு டேட்டா எடுக்கிறது என்பதை கேபிபிஎஸ் கணக்கில் சொல்வார்கள். 128 கேபிபிஎஸ் ஒலிக்கு மணிக்குச் சுமார் 58 எம்பி. 64 என்றால் 29. 320 என்றால் 144. உங்கள் 1.5 ஜிபியில் தினம் இரண்டு மணி நேரம் தாராளமாகக் கேட்கலாம். ஏஏசி என்ற சுருக்கு முறையில் வரும் 64 கேபிபிஎஸ் ஒலி, செல்போனில் கேட்க நன்றாகவே இருக்கும். ரேடியோ பாரடைஸ் என்ற இணைய வானொலி தரும், தரம் குறையாத ஃபிளாக் வகை ஒலி பல மடங்கு டேட்டா தின்னும். சாதாரண புளூடூத் இயர்போன் அதை மறுபடி சுருக்கிவிடுவதால் பலனில்லை.

திரை அணைந்ததும் பாட்டு நின்றால், போன் அமைப்பில் அந்த ஆப்பின் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். பிரவுசரில் ஓடாத நிலையத்தை விஎல்சி பிளேயரில் முயலுங்கள்: கணினியில் கன்ட்ரோல் (Ctrl), என் (N) விசைகளைச் சேர்த்து அழுத்தி, நிலையத்தின் ஒலி வரும் இணைய முகவரியை ஒட்டினால் போதும். பாதுகாப்பான (https) தளத்துக்குள் பழைய, பாதுகாப்பில்லாத எச்டிடிபி (http) முகவரி இருந்தால் பிரவுசர் தடுக்கும், விஎல்சி தடுக்காது.

பெயர் கிடைத்தபின் அந்த ஒரு பாட்டோடு நிற்காமல், வெளியிட்ட நிறுவனத்தைப் பாருங்கள். எத்தியோப்பியாவின் முலாட்டு அஸ்டாட்கே வாசித்த ஒன்று ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது பாரிஸின் புடா மியூசிக் 1997 முதல் வெளியிட்ட ‘எத்தியோப்பிக்ஸ்’ வரிசையின் 4ஆம் தொகுதிக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து பாடகர் மஹ்மூத் அஹ்மத், 21ஆம் தொகுதியில் துறவி எமஹோயின் தனிப் பியானோ. கர்நாடக இசை பழகிய காதுக்கு இதில் ஓர் அறிமுகமும் காத்திருக்கிறது: ‘திசிட்டா’ என்ற அவர்களது ஐந்து சுர அமைப்பின் ஒரு வகையில் நம் மோகனத்தின் சுரங்கள் அப்படியே இருக்கின்றன. தேடும்போது ஒன்று: இந்தப் பெயர்களை பிரெஞ்சில் ஒரு மாதிரியும் ஆங்கிலத்தில் வேறு மாதிரியும் எழுதுகிறார்கள். ஆள் பெயரில் கிடைக்காவிட்டால் வரிசையின் பெயரையும் தொகுதி எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.