மறவாமை வரமும் மறதியும்

தேவகோட்டையில் இருக்கும் 79 வயது அம்மா பதிகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ‘சாமி என்னைக் கைவிட்டுட்டார்’ என்று அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: வரி மறப்பது நினைவாற்றலின் தளர்ச்சி, நம்பிக்கையின் தளர்ச்சி அல்ல. காரைக்கால் அம்மையாரே பிறவாமையோடு மறவாமையையும் வரமாகக் கேட்டவர்தான். அம்மாவும் அதையே ஒற்றை வரியாகத் தினமும் கேட்கட்டும்: “கடைசி வரைக்கும் உன்னை மறக்காத மனசைக் கொடு.”

முழுப் பதிகம் வேண்டாம். ‘நமசிவாய’ என்னும் ஐந்தெழுத்தை 27 முறை, அதே நேரம், அதே இடம். சாமி அறையில் தரையில் உட்கார முடியாவிட்டால் கைப்பிடி வைத்த நாற்காலி போடுங்கள். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்லாதீர்கள். பலர் சோர்ந்து விடுவது அங்கேதான். பாட்டு தடைப்பட்டால் அடுத்த அடியின் முதல் சொல்லை மட்டும் மெதுவாக எடுத்துக் கொடுங்கள். சிறு வயதில் மனப்பாடம் செய்தது, ராகத்தோடு வந்தால் பெரும்பாலும் தானே தொடரும். ‘தப்பு’ என்று திருத்தினால் வெட்கப்பட்டு நிறுத்தி விடுவார்.

பிள்ளையார்பட்டி கோயிலுக்குப் போக முடியவில்லை என்ற ஏக்கத்துக்கு, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) விளக்கேற்றும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். அவருக்காக நாம் செய்து வைப்பது வேறு, அவரையே செய்ய வைப்பது வேறு. பிள்ளையார் நோன்பில் இழை எடுக்கும்போது, அதாவது திரி ஏற்றிய மாவு உருண்டையை விழுங்கும்போது, உருண்டை சிறியதாக இருக்கட்டும், நிமிர்ந்து உட்கார்ந்தபடி. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் டாக்டரிடம் கேட்காமல் விரதம் கூடவே கூடாது.

மறதி சில நாட்களிலேயே திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று டாக்டரிடம் உடனே பார்க்கச் சொல்லுங்கள்; மெல்ல மெல்லக் கூடியிருந்தால் தைராய்டு, பி12 அளவுகளையும். அழுகையும் தூக்கமின்மையும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.