பயமுறுத்தியதா என்பதோடு விமர்சனம் முடியாது

கேள்வி: உங்கள் திகில் படத் தொடரில் ‘கேரி’யின் 2013 மறு ஆக்கத்துக்கு எழுதிய விமர்சனத்தில் பாதிக்கு மேல் மூல நாவலும் பழைய படமும்தான். பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக் கத்திவிட்டுப் போகிற படத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? பயமுறுத்தியதா, இல்லையா என்று சொன்னால் போதாதா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: போதாது. பயமுறுத்துகிறதா என்பதைப் பார்க்கிற பிள்ளை தானே தெரிந்துகொள்ளும். எது பயமுறுத்துகிறது, அதை எங்கிருந்து எடுத்தார்கள், எடுக்கும்போது எதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் விமர்சகர் வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1974-இல் வெளியிட்ட ‘கேரி’ நாவலில் பேய் கிடையாது. பள்ளிக் குளியலறையில் ஒரு பெண் வயதுக்கு வருகிறாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. செத்துவிடுவோம் என்று அலறுகிறாள். கூடப் படிப்பவர்கள் நாப்கினை வீசியெறிந்து சிரிக்கிறார்கள். வீட்டுக்குப் போனால், மதவெறி பிடித்த தாய் அதைப் பாவம் என்று சொல்லி அடைத்துவைக்கிறாள். நினைத்தாலே பொருளை அசைக்கும் சக்தியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இது அமெரிக்கக் கதை மட்டும்தானா? மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் மஞ்சள் நீராட்டு விழா பேனர்களை நீங்களும் பார்க்கிறீர்கள். பெண்ணின் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது, தாய்மாமன்கள் பெயர் வரிசையாக அச்சாகிறது, சீர்த்தட்டு தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. ஊருக்கே சொல்கிற நம் வீடுகளில் எத்தனை பேர், ‘இப்படி வரும், பயப்படாதே’ என்று அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பார்கள்? எட்டாம் வகுப்புப் பெண் இந்தப் படத்தைப் பார்த்து நடுங்கினால், அந்த நடுக்கத்தின் காரணத்தை எழுதாமல் நான் எப்படிப் பக்கத்தை மூடுவது?

நாவலை அப்படியே எடுக்க வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை. 1976-இல் அதை முதலில் படமாக்கிய இயக்குநர் பிரையன் டி பால்மா தாராளமாக மாற்றினார். நாவலில் மகள் தாயின் இதயத்தை நிறுத்திவிடுகிறாள். படத்தில் சமையலறைக் கத்திகள் பறந்து வந்து தாயைக் குத்தி நிறுத்துகின்றன. படத்தின் முடிவில் கல்லறையிலிருந்து நீளும் கை நாவலில் இல்லவே இல்லை. இரண்டும் படத்துக்குப் பொருந்தின. ஆனால் கிங் எழுதிய கேரி, பருமனும் பருக்களும் உள்ள பெண். அழகில்லை என்று ஒதுக்கப்பட்டவளின் கதைக்கு இரண்டு படங்களுமே ஒல்லியான நடிகைகளைத் தேடிப் பிடித்தன. எனக்கு இது பெரிய குறை.

2013 படம் நாவலைவிடப் பழைய படத்தையே அதிகம் பின்பற்றியது. பழைய திரைக்கதை ஆசிரியரின் பெயரும் அதில் இருக்கிறது. புதிதாகச் சேர்த்தவற்றில் உயிருள்ளது, குளியலறை அவமானத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுவது. இன்றைய பிள்ளைகளின் நிஜமான அச்சம் அது. அதைத் தொட்டுவிட்டுப் படம் ஓடிவிடுகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். லோயிஸ் டங்கன் 1973-இல் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ நாவலை எழுதினார். சைக்கிளில் வந்த சிறுவனைக் காரில் மோதிவிட்டு மறைத்த நான்கு இளைஞர்களின் குற்றவுணர்வுதான் கதை. நால்வரில் ஒருவரும் சாவதில்லை. 1989-இல் டங்கனின் மகள் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997-இல் அதே தலைப்பில் வந்த படத்தில் கொக்கியோடு ஒருவன் இளைஞர்களை வெட்டிச் சாய்க்கிறான். மகளைப் பறிகொடுத்த தாய், தன் கதை இப்படியானதைக் கண்டு மனம் நொந்து வெளிப்படையாகவே பேசினார். படம் நன்றாக ஓடி, அடுத்தடுத்த பாகங்களும் வந்தன. ‘பயமுறுத்தியது, பார்க்கலாம்’ என்று நான் எழுதியிருந்தால் இதில் எது உங்களுக்குத் தெரிந்திருக்கும்?

உங்கள் ஊரில் பிறந்த புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ சிறுகதையை எழுதியவர். வீட்டுக்குள் வந்தவள் யார் என்று கடைசிவரை சொல்லாமலே அச்சத்தை நிறுத்திக் காட்டினார். அந்த ஊரிலிருந்து ‘திகில்தானே’ என்ற கேள்வி வருவது எனக்கு வருத்தம்.

ஒன்று மட்டும் ஏற்கிறேன். அவசரமாகப் பார்ப்பவர்களுக்காக, தணிக்கைச் சான்றிதழையும் எந்த வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம் என்பதையும் அடுத்த இதழிலிருந்து விமர்சனத்தின் முதல் வரியிலேயே கொடுத்துவிடுகிறோம். நாவலைப் பற்றிய பகுதி ஒரு வரிகூடக் குறையாது.