ரிப்போர்ட் ‘நார்மல்’, காதில் மட்டும் ஏன் ‘ஙொய்’?

கேள்வி: வயது 46. அச்சகத்தில் மெஷின் பக்கத்திலேயே வேலை. சில மாதங்களாக இடது காதில் மட்டும் சில்வண்டு கத்துவது போல ‘ஙொய்’ என்று சத்தம். ஆடியோகிராம் (பீப் கேட்டதும் பட்டனை அழுத்தும் காது சோதனை) எடுத்ததில், ‘இடது காது சராசரி 15 டெசிபல், நார்மல்’ என்று வந்திருக்கிறது. ஆனால், கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுகிறது. பீப் எது, என் இரைச்சல் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் பட்டனை அழுத்தினேன். இந்த ரிப்போர்ட்டை நம்பலாமா? பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொட்டு மருந்தை விடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். ‘நார்மல்’ என்பது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதைதான். ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் சுருதி. டெசிபல் என்பது அந்தச் சுருதி உங்களுக்குக் கேட்க எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது; எண் கூடக் கூடக் கேட்கும் திறன் குறைவு, கோடும் கீழே இறங்கும். 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் உங்களுக்கு 10, 15, 20 டெசிபல். அவற்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 15. 4000-இல் இருக்கும் 45-உம், 6000-இல் இருக்கும் 50-உம் அந்தக் கணக்கிலேயே வரவில்லை! 8000-இல் கோடு மறுபடி 30-க்கு ஏறிவிடுகிறது. இந்த மாதிரிப் பள்ளத்தைப் பார்த்ததும் எங்களைப் போன்ற கேட்பியல்காரர்கள் முதலில் கேட்பது, ‘சத்தமான இடத்தில் வேலையா?’ என்றுதான். காதிரைச்சலின் சுருதியும் பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்த இடத்தை ஒட்டியே இருக்கும்.

ஆனாலும் மெஷின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனமில்லை. சத்தம் பொதுவாக இரண்டு காதையும் சேர்த்துத்தான் கெடுக்கும். உங்கள் வலது காதோ எல்லா இடத்திலும் 15-க்குள் இருக்கிறது. இரைச்சலும் இறக்கமும் ஒரே பக்கம் என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். செவி நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது. அப்படியே இருந்தாலும் அது பொதுவாகப் புற்றுநோய் அல்ல. பயப்பட வேண்டாம், தள்ளியும் போடாதீர்கள். அதுவரை காதடைப்பான் இல்லாமல் மெஷின் பக்கம் நிற்காதீர்கள்.

அப்புறம், அந்தப் பட்டன். காதிரைச்சல் உள்ள பலரும் அந்த அறையில் இப்படித்தான் திணறுகிறார்கள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. அடுத்த முறை ‘விட்டு விட்டு ஒலிக்கும் பீப் வையுங்கள்’ என்று கேளுங்கள். ஓயாத இரைச்சலுக்கு நடுவே அது தனியாகத் தெரியும். முன்பைவிட 5 டெசிபல் கூடினாலோ குறைந்தாலோ மண்டையைக் குடைந்துகொள்ளாதீர்கள். டெஸ்ட்டே ஐந்து ஐந்தாகத்தான் நகர்கிறது. உங்கள் 45 அப்படிப்பட்ட சின்ன வித்தியாசம் இல்லை. மறுபடி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சொட்டு மருந்துக்கு வருவோம். டிம்பனோமெட்ரி ‘ஏ’ வகை என்றிருக்கிறது. அதாவது செவிப்பறையும் நடுக்காதும் ஒழுங்காக அசைகின்றன. நடுக்காதைத் தாண்டி, மண்டை எலும்பு வழியாக ஒலியை நேரே உள்காதுக்கு அனுப்பிச் சோதித்தபோதும் 4000-இல் அதே 45தான். ஆகவே, கோளாறு உள்காதிலோ நரம்பிலோ இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சொட்டு மருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேராது.