வால்வுக்கு சிஎஃப்8 போதுமா, சிஎஃப்8எம் வேண்டுமா?

உள்ளே ஓடும் திரவம்தான் இதை முடிவு செய்கிறது. சிஎஃப்8 (CF8) என்பது 304 என்ற துருப்பிடிக்காத எஃகின் வார்ப்பு வடிவம். சிஎஃப்8எம் (CF8M) 316 எஃகுக்கு இணை. பின்னதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு. குளோரைடு கலந்த நீர் உண்டாக்கும் குழி அரிப்பை அது தாக்குப்பிடிக்கிறது. அதற்காக விலை கூடியதே எங்கும் சிறந்தது என்று நினைத்துவிடாதீர்கள்: நைட்ரிக் அமிலத்துக்கு மாலிப்டினம் இல்லாத வகைதான் ஏற்றது. கடல்நீருக்கோ சிஎஃப்8எம்மும் போதாது. டூப்ளெக்ஸ் எனப்படும், இருவகைப் படிக அமைப்பு கலந்த துருப்பிடிக்காத எஃகு வகைக்குப் போக வேண்டும்.

வால்வைக் குழாயோடு வெல்டிங் செய்வதாக இருந்தால், சிஎஃப்8எம்மின் கார்பன் குறைந்த வடிவமான சிஎஃப்3எம் கேளுங்கள். அதில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்காது. கார்பன் கூடினால் வெல்டிங் சூட்டில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து, பற்றவைப்பை ஒட்டிய பகுதி அரிக்கத் தொடங்கும்.

காந்தம் ஒட்டுகிறது என்று வார்ப்பைத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அது தவறு. உறையும்போது விரிசல் விழாமலிருக்க வார்ப்பில் ஃபெரைட் என்ற காந்தத்தன்மையுள்ள படிக அமைப்பு சிறிதளவு வேண்டும்; காந்தம் இழுப்பது அதைத்தான். வகையை உறுதிசெய்ய, வால்வின் உடலில் பொறித்த உருக்கு எண்ணை (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண், heat number) சோதனைச் சான்றிதழோடு ஒப்பிட்டு, மாலிப்டினம் அளவைப் பாருங்கள்.