பொடியன் கதை விடேல்லை

கேள்வி: வெளிச்சம் இல்லாமல் அணுக்களை வைச்சே படம் எடுக்கிற சற்றலைட் இருக்காம், அதுவும் துருவத்துக்கு மேல போய் நிண்டுதான் எடுக்குமாம் எண்டு ஏ எல் படிக்கிற மகன் சொல்லுறான். கதை விடுறானோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: இல்லையக்கா, பொடியன் சரியாத்தான் சொல்லுறான். பூமியின்ர காந்தப்புலத்துக்க மாட்டுப்பட்ட அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள், நடுக்கோட்டுக்கு மேல, பத்தாயிரக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில ஒரு வளையமாத் திரியுதுகள், காந்தப்புயல் வந்தால் அந்த வளையம் நல்லாப் பலக்கும். அந்த மின்னேற்றம் இருக்கிற வரைக்கும் காந்தக்கோடு எண்ட ஒழுங்கையை விட்டு அதுகளுக்கு வெளிய வரேலாது. ஆனா அந்த உயரத்திலயும் ஐதாக் கொஞ்சம் ஐதரசன் கிடக்கு. வேகமா ஓடுற அயன் அதுக்குக் கிட்டப் போகேக்க ஒரு இலத்திரனைப் பறிச்சிட்டுதெண்டால் சரி, ஏற்றம் போச்சு, இனி காந்தம் பிடிக்காது, வேகம் மட்டும் குறையாது, அந்த நேரம் எந்தப் பக்கம் போய்க்கொண்டு இருந்துதோ அந்தப் பக்கமே நேராப் பறக்கும். நேரா வாறபடியால எங்க இருந்து வந்ததெண்டு சொல்லலாம், அதுதான் படம்.

துருவம் ஏனெண்டால், கிணத்துக்கட்டில நிண்டு எட்டிப் பாத்தால்தானே வட்டம் முழுசாத் தெரியும், பக்கத்தில நிண்டால் வெறும் சுவர்தான். 2000 மார்ச்சில நாசா விட்ட இமேஜ் சற்றலைட் துருவப் பாதையில 45,000 கிலோமீற்றருக்குக் கிட்ட ஏறிப்போய் அப்பிடித்தான் பாத்தது. போன் கமரா மாதிரி நினையாதேங்கோ, கூட வாற அயன்களை மின்தகட்டால வளைச்சுத் துரத்திப்போட்டு மிச்ச அணுக்களை ஒவ்வொண்டா எண்ணவேணும், படம் கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்.

துருவத்தில இன்னொரு விசயமும் இருக்கு. எங்கட யாழ்ப்பாணம் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட, கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தபடி போகும், அங்கயோ நிலத்தைப் பாத்து இறங்கும். அதால இறங்கி வாற அயன்கள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில தடிச்ச காத்தில முட்டி அங்கயும் நடுநிலை அணுவா மாறும், படத்தில அந்த இடம் பளிச்செண்டு தெரியும். 1995 இல சுவீடன்காரர் விட்ட அஸ்ட்ரிட், 27 கிலோ குட்டிச் சற்றலைட், அதுவும் 1,000 கிலோமீற்றர் உயரத்தில இருந்து இந்த அணுக்களைப் பிடிச்சது.

இமேஜ் 2005 டிசம்பரில திடீரெண்டு பேச்சை நிப்பாட்டிப்போட்டுது. 2018 ஜனவரியில கனடாவில பொழுதுபோக்குக்கு சற்றலைட் தேடுற ஒராள், வேற ஒரு ரகசியச் சற்றலைட்டைத் தேடேக்க பாத்தால், இமேஜின்ர சிக்னல் வருது!