இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தூண்டில்: கேள்வியும் பதிலும்

இங்கிலாந்தின் அக்டோபர் மாதத்தில் காலையில் மூடுபனியும், நண்பகலில் வெயிலும், மாலையில் தென்மேற்குக் காற்றோடு மழையும் ஒரே நாளில் வந்துபோவது புதிதன்று. அத்தகைய நாளில் நண்பர்களோடு சேர்ந்து தூண்டில் போட விரும்பும் அன்பர்கள், லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகள் இவை. சால்மனையும் டிரவுட்டையும் விலக்கி, ரோச், பெர்ச், பிரீம், சப், பார்பெல், கெண்டை, பைக் முதலிய பிற நன்னீர் மீன்களைப் பிடிப்பதையே இங்கே 'கோர்ஸ்' மீன்பிடிப்பு என்கிறார்கள்.

ஹாரோவிலிருந்து ஓர் அன்பர்: ஊரில் வாவிக்கரையில் தூண்டில் போட நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இங்கே நான்கு நண்பர்கள் ஒரு நாள் போவதற்கு என்னென்ன வேண்டும்?

இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று தேவையில்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முதலாவது, சுற்றுச்சூழல் முகமை வழங்கும் தூண்டில் உரிமம். பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் அது தனித்தனியே வேண்டும். 13 முதல் 16 வயது வரை கட்டணம் இல்லையென்றாலும் உரிமம் எடுத்திருக்க வேண்டும். ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம் என்று மூன்று காலங்களுக்குக் கிடைக்கிறது. உரிமமின்றிப் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்கப்படலாம். இரண்டாவது, அந்த நீர்நிலையின் உரிமையாளரோ சங்கமோ தரும் நாள் சீட்டு. அரசின் உரிமம் உங்களுக்குத் தூண்டில் போடும் தகுதியைத் தருகிறதே தவிர, இன்னொருவருடைய கரையில் உட்காரும் உரிமையைத் தருவதில்லை.

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை உண்டு. பெரும்பாலான ஏரிகளுக்கும் கால்வாய்களுக்கும் அத்தடை இல்லை. அக்டோபரில் எல்லாம் திறந்தே இருக்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ரெடிங்கிலிருந்து: வானிலை மணிக்கொரு முறை மாறும் பருவத்தில், எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது? காற்றழுத்தமானியைப் பார்த்துத்தான் போகவேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அழுத்தம் இறங்கும்போது மீன் நன்றாகக் கடிக்கும் என்பது இங்குள்ள தூண்டில்காரர்களின் பழைய நம்பிக்கை. ஆனால் இலையுதிர் காலத்தில் அழுத்தம் இறங்கும்போது தென்மேற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்றும், மேகமூட்டமும், சிறு தூறலும் சேர்ந்தே வருகின்றன. மீன் எதற்கு மசிகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. காற்றழுத்தமானியை விட ஒரு சிறிய நீர் வெப்பமானியை வாங்கிக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கிப் பார்ப்பதே பயனுள்ளது என்பது என் முடிவு.

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்குவது. நீர் குளிர்ந்தால் அதன் செரிமானம் மெதுவாகி, பசியும் குறைகிறது. இதில் எண்ணைக் காட்டிலும் அந்த எண் எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். ஒரு வாரமாகப் பத்துப் பாகை செல்சியசில் நிலைத்திருக்கும் நீரில் மீன்கள் அந்தக் குளிருக்குப் பழகி ஒழுங்காக மேயும். பதின்மூன்றிலிருந்து இரண்டே இரவுகளில் பத்துக்கு இறங்கிய நீரிலோ அதே மீன்கள் வாயைத் திறக்க மறுக்கும். ஆகையால் முதல் கடும் உறைபனிக்கு மறுநாள், வானம் எவ்வளவு தெளிவாகவும் அழகாகவும் இருந்தாலும், நான் வீட்டில்தான் இருப்பேன். மேகம் மூடி இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் கழிந்த பின் வரும் நாள், பார்வைக்கு மந்தமாக இருந்தாலும், அந்த நாள்தான் உங்கள் நாள்.

உயிர்வளியைப் பொறுத்தவரை இலையுதிர் காலம் மீனுக்குச் சாதகமானது. இருபது பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் தாங்கும். பத்துப் பாகையில் 11 மில்லிகிராம் வரை தாங்கும். கோடையில் அணை மடைகளின் நுரைநீரை நாடிய மீன்கள் இப்போது அமைதியான ஆழங்களுக்கு நகர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரே நாளுக்குள் வானிலை மாறினால் நீங்களும் மாறவேண்டும். பனிக்காலையில் ஆழத்தில் தொடங்குங்கள். ஆழமான நீர் மெதுவாகக் குளிரும். நண்பகல் வெயில் இரண்டு மணி நேரம் நின்று காய்ந்தால், வெயில் படும் ஆழமற்ற கரையை முயன்று பாருங்கள். ஏரியில் வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று வீசினால், அலை வந்து மோதும் கரையில் உட்காருங்கள்; முகத்தில் சாரல் அடித்தாலும் மேல்மட்டத்து வெப்பநீரும் மீனின் உணவும் அங்கேதான் ஒதுங்கும். காற்று வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் அதற்கு நேர்மாறாக, மரங்களின் மறைவில் உட்காருவதே உங்களுக்கும் மீனுக்கும் நல்லது.

சௌதாலிலிருந்து: எங்களுக்கு அருகில் கிராண்ட் யூனியன் கால்வாய்தான் இருக்கிறது. இலை உதிர்ந்து நீர்ப்பரப்பை மூடிவிடுகிறது. அங்கே போவதில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் இலை பெருமளவில் விழும் வாரங்களில் மரமற்ற நீளமான பகுதியைத் தேடிப் போகவேண்டும். மிதக்கும் இலையைவிட, அடியில் ஊறிக் கிடக்கும் இலைதான் தொல்லை, ஏனெனில் உங்கள் இரை அதற்குள் புதைந்துவிடுகிறது. ஆகவே இரையை அடியில் கிடத்தாமல், அடிமட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே தொங்கும்படி தக்கையை அமைத்துக்கொள்ளுங்கள். ரோச்சும் பெர்ச்சும் அந்த உயரத்தில் தயங்காமல் எடுக்கும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து: எந்த இரை நல்லது? ஈப்புழுவைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வீட்டில் அனுமதிக்கவில்லை.

வீட்டில் சொல்வது நியாயமே. அந்த வழக்கில் நான் உங்கள் பக்கம் வாதாட மாட்டேன். கொட்டகையில் நிழலான தரையில் வைத்தாலே அக்டோபர் குளிரில் ஈப்புழு சில நாள் தாங்கும்.

அதைத் தூண்டில் முள்ளில் கோர்ப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. புழுவின் ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை மொண்ணையாகவும் இருக்கும். மொண்ணையான முனையில் கண்கள் போல் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை கண்கள் அல்ல, மூச்சுத் துளைகள். புழுவை இரண்டு விரல்களால் மெல்ல அழுத்தினால் அந்த முனையில் தோல் சிறிது மடல்போல் எழும். அந்த மடலில் மட்டும் முள்ளின் நுனியை நுழைத்து வெளியே எடுங்கள். உடலுக்குள் குத்தினால் சாறு வடிந்து புழு வெறும் தோலாகிவிடும். மடலில் மட்டும் குத்தினால் நீருக்குள் நெளிந்துகொண்டே இருக்கும். பதினெட்டாம் அல்லது இருபதாம் எண் முள் இதற்குப் போதும். இங்கே எண் கூடக்கூட முள் சிறிதாகும்.

வாங்கிய புழு கூட்டுப்புழுவாகிவிட்டதே என்று எறிந்துவிடாதீர்கள். வெளிறிய நிறத்தில் இருக்கும் கூட்டுப்புழு நீரில் மூழ்கும். பெரிய ரோச்சுக்கு அதைவிட நல்ல இரை அரிது. கருத்தவை மிதந்துவிடும் என்பதால், ஒரு கிண்ணம் நீரில் போட்டு மிதப்பவற்றைக் களைந்துவிடுங்கள். புழுவே வேண்டாமென்றால் வெள்ளை ரொட்டியின் உள்மாவு, டின்னில் வரும் இனிப்புச் சோளம், தோட்டத்து மண்புழு ஆகியவை போதும். எந்த இரையானாலும், மீனை ஈர்க்க அதை நீரில் தூவும்போது, குளிர் கூடக்கூடக் குறைவாகத் தூவுங்கள். கோடையில் கைநிறைய வீசியதை இப்போது பத்துப் பன்னிரண்டு புழுக்களாகக் குறைத்து, சில நிமிடங்களுக்கொரு முறை தவறாமல் வீசவேண்டும். தூவிய இரையைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கிங்ஸ்டனிலிருந்து: முந்தைய நாள் பெருமழை பெய்து ஆறு கலங்கலாக ஓடினால் பயணத்தைக் கைவிட வேண்டுமா?

எந்த ஆறு என்பதைப் பொறுத்தது. களிமண் நிலத்தில் ஓடும் மோல் ஆறு ஒரே இரவில் பொங்கி, வடியவும் விரைந்து வடியும். சுண்ணாம்புப் பாறையின் ஊற்றுகளால் வாழும் ஆறுகள் நிதானமாகவே ஏறும். புறப்படும் முன் அரசின் இணையப் பக்கத்தில் ஆற்று மட்டத்தைப் பாருங்கள்; ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். கரையைத் தாண்டாமல், ஏறிய நீர் வடிந்து தெளியத் தொடங்கும் வேளை ஆண்டிலேயே சிறந்த வேளைகளுள் ஒன்று. சப், பார்பெல், பிரீம் ஆகியவை அந்தக் கலங்கலில் அச்சமின்றிக் கரையோரம் வந்து மேயும். நடு ஓட்டத்தை விட்டுவிட்டு, வளைவின் உட்புறத்திலும் சாய்ந்த மரங்களின் கீழும் நீர் சுழன்று தேங்கும் இடங்களில், பெரிய மண்புழுவையோ டின் இறைச்சித் துண்டையோ அடியில் கிடத்துங்கள். இலையும் குப்பையும் மிதந்து வரும் நீரில் தக்கை பயன்படாது. தேம்சின் மதகுகளில் சிவப்புப் பலகை தொங்கினால், நீரோட்டம் வலுவாக இருக்கிறது என்று படகுக்காரர்களை எச்சரிக்கிறார்கள் என்று பொருள். அன்று வழுக்கும் கரையில் நிற்பதை நானும் தவிர்ப்பேன்; ஏரிக்குப் போங்கள்.

ஸ்லவ்விலிருந்து: காற்று வீசும்போது தக்கை ஓரிடத்தில் நிற்காமல் இழுபட்டுப் போகிறது. வழி என்ன?

தூண்டில் நரம்பைத் தக்கையின் அடிமுனையில் மட்டும் இணைத்து, இரு பக்கமும் சிறு எடைக்குண்டுகளால் பூட்டுங்கள். வேண்டிய இடத்துக்குச் சற்று அப்பால் வீசி, கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, இரண்டு மூன்று சுற்று வேகமாகச் சுருட்டினால், நரம்பு முழுவதும் நீருக்கடியில் போய்விடும். காற்று இழுப்பது தக்கையை அன்று. நீர்ப்பரப்பில் கிடக்கும் நரம்பைத்தான்.

டூட்டிங்கிலிருந்து: ஊரிலிருந்து கொண்டுவந்த ஈயக்குண்டுகளைப் பயன்படுத்தலாமா?

கூடாது. 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகள் இங்கே தடை செய்யப்பட்டுள்ளன. கரையில் சிதறியவற்றைக் கூழாங்கல்லோடு விழுங்கிய அன்னங்கள் நஞ்சேறி இறந்ததால், 1987 முதல் இந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. மாற்று உலோகத்தில் செய்த குண்டுகள் எல்லாத் தூண்டில் கடைகளிலும் கிடைக்கும்.

ஹேய்ஸிலிருந்து: பிடித்த மீனைக் குழம்புக்கு எடுத்துவரலாமா?

இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பேன். இங்கிலாந்தின் ஆறுகளில், சட்டப்படி ஒருவர் ஒரு நாளில் 65 சென்டிமீட்டருக்கு மிகாத பைக் ஒன்றையும், 20 சென்டிமீட்டருக்கு மிகாத ரோச், பெர்ச், டேஸ் போன்ற சிறுமீன்கள் பதினைந்தையும் எடுக்கலாம். 30 முதல் 38 சென்டிமீட்டர் வரையுள்ள கிரேலிங் என்னும் மீன் இரண்டுக்கும் அனுமதி உண்டு. விலாங்கை உயிரோடு விட்டுவிட வேண்டும். ஆனால் உரிமையாளரோ சங்கமோ கூடாதென்றால் அந்தச் சிறு அளவும் கூடாது. பெரும்பாலான நாள் சீட்டுகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். ஏரிகளில் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் ஒரு மீனையும் எடுக்க முடியாது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், விரல் நீள ரோச்சில் சதையைவிட முள்ளே மிகுதி. குழம்புக்குரிய மீனை வரும் வழியில் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்ப விடும் மீனை ஈரக்கையால் மட்டுமே தொடவேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். பெர்ச்சைப் பிடிக்கும்போது தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவி முதுகு முள்ளை மடக்கிக்கொள்ளுங்கள். பைக்கைத் தேடிப் போவதானால், அதன் பல்லுக்கு நரம்பு தாங்காது என்பதால், முள்ளுக்கு மேலே கம்பி இணைப்பும், முள்ளைக் கழற்ற நீண்ட இடுக்கியும், அனுபவமுள்ள ஒருவரும் உடன் இருக்கவேண்டும்.

வெம்பிளியிலிருந்து: நண்பர்களுக்குள் ஒரு சிறு போட்டி வைக்க எண்ணுகிறோம். எப்படி அமைப்பது?

இடத்தைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள்; இல்லையென்றால் நல்ல இடத்துக்காக விடியும் முன்பே மனத்தாங்கல் வந்துவிடும். ஒருவருக்கொருவர் இருபது அடியாவது விட்டு உட்காருங்கள். பேச்சொலியால் மீன் அவ்வளவாக மிரளுவதில்லை. கரையில் தடதடவென்று நடக்கும் அதிர்வுதான் அதை விரட்டும். ஆகவே அரட்டை அடிக்கலாம், ஆனால் உட்கார்ந்தபடி. மொத்த எடையைக் கணக்கிட மீனைச் சேர்த்து வைப்பதானால், வலை இரண்டு மீட்டருக்குக் குறையாத நீளமும் முடிச்சில்லாத பின்னலும் கொண்டதாக இருக்கவேண்டும். சங்கம் அதை அனுமதிக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எடையைவிட, யார் அதிக வகை மீன் பிடித்தார் என்று போட்டி வைப்பதே மாறும் வானிலைக்குப் பொருத்தம் என்பேன்; காலையில் கடிக்காத வகை பிற்பகலில் கடிக்கும், எவரும் மாலை வரை சோர்ந்துபோக மாட்டார்.

லூட்டனிலிருந்து: பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்? எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்?

இக்காலத் தூண்டில் கோல்கள் கார்பனால் ஆனவை. மின்சாரம் அவற்றில் பாயும். மேலே மின்கம்பி சென்றால் முப்பது மீட்டராவது தள்ளி உட்காருங்கள். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குப் போய்விடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கையிலுள்ள கீறல்களை மூடி, உண்ணும் முன் கைகழுவுங்கள். ஒரு கனத்த சட்டைக்குப் பதில் மெல்லிய கம்பளி உடைகள் சிலவற்றை அடுக்கி அணிந்தால், வெயில் வரும்போது கழற்றலாம்.

ரோச் மிக நன்றாகக் கடிப்பது பொழுது சாயும் கடைசி ஒரு மணி நேரத்தில். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி பின்னுக்குப் போனபின், லண்டனில் மாலை நாலே முக்கால் ஆவதற்குள் கதிரவன் மறைந்துவிடும். பல ஏரிகளில் அந்நேரம் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால், பூட்டும் நேரத்தைக் காலையிலேயே கேட்டுவைத்துக்கொண்டு, தேவையற்ற பொருள்களை முன்னதாகவே வண்டியில் ஏற்றிவிட்டு, அந்தக் கடைசி மணிக்கு ஒரு கோலை மட்டும் கையில் வைத்திருங்கள்.